கையா, படமா, கத்தியா

மார்புக்கு என்ன தமிழ் சொல்வது என்று தெரியாமல் நாற்பது பெண்களுக்கு முன்னால் நான் விழித்துக்கொண்டு நின்றது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாய்த் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு மாதுங்காவில். செம்பூரில் சின்னதாக டிஸ்பென்சரி வைத்திருந்த மராத்தி டாக்டரம்மா ஒருவர், பிள்ளைகளின் அம்மாக்களிடம் மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டிருந்தார். டாக்டரம்மா ஹிந்தியில் பேசுவது, நான் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா முதல் வாக்கியத்தைக் கூசாமல் சொல்லி முடித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெஞ்சுப் பகுதியில…" என்று இழுத்தேன்.

"நெஞ்சு வலியா டீச்சரம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல, மார்பகத்தில…"

யாருக்கும் பிடிபடவில்லை. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாருன்னு சொல்லுங்க டீச்சரம்மா. பிள்ளைக்குப் பால் குடுக்கதுதான? அதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்து?"

அறை முழுக்கச் சிரிப்பு. என் முகத்தில் சூடு ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது.

குரல் கொடுத்தவள் என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அம்மா. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் சட்டை தைக்கிற பட்டறை ஒன்றில் காஜா எடுக்கிறவள், அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை வெட்டி, ஓரத்தை நூலால் சுற்றிக் கட்டுகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அன்றிலிருந்து எனக்கு அக்கா.

டாக்டரம்மா மேஜைமேல் ஒரு துணிப்பையை வைத்தார். உள்ளங்கை அகலம், உள்ளே இலவம்பஞ்சு. பஞ்சுக்குள் கடுகு, துவரை, கொண்டைக்கடலை எல்லாம் ஒளித்து வைத்திருந்தார். மாதவிலக்கு முடிந்த நாலைந்து நாளில், மாதம் ஒருமுறை, விரல் நுனியால் அல்லாமல் விரலின் தட்டையான பாகத்தால் எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பையில் செய்து காட்டினார். பிறகு பை கை மாறி மாறிப் போனது. பலருக்குக் கடலை அகப்பட்டது, சிலருக்குத் துவரை. எனக்குக் கடலைகூட ரொம்ப நேரம் கழித்துத்தான் அகப்பட்டது. அக்கா கையில் வாங்கினாள், கண்ணை மூடினாள், ஒரு நிமிஷத்தில் எண்ணிச் சொல்லிவிட்டாள். "கடலை ஒண்ணு, துவரை ரெண்டு, கடுகு ஒண்ணு. அப்புறம் ஓரமா இன்னொண்ணு. அது என்னன்னு சொல்லத் தெரியல."

"இன்னொன்று நான் வைக்கவில்லையே" என்றார் டாக்டரம்மா. பையின் தையலைப் பிரித்துப் பார்த்தால், பஞ்சிலேயே தங்கிப்போன ஒரு பஞ்சுக்கொட்டை. டாக்டரம்மா கைதட்டிவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, எனக்கு ஒண்ணு கெடக்கு. இடது பக்கம், அக்குள் பக்கமா. துவரை அளவுதான். தொட்டா நழுவுது."

"வலிக்குதா அக்கா?"

"வலிச்சாதான் தேவலையே. வலிக்கல. வலிக்காததத்தான் கவனிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாவல்லா. அவுககிட்ட சொன்னேன். காஜா எடுத்து எடுத்து ஒனக்குத் தொட்டதெல்லாம் முடிச்சாத் தெரியுதுங்காவ."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனதை நான் பார்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். இருவரும் சயானிலிருந்து பஸ் பிடித்துச் செம்பூர் போனோம். "பட்டறையில இருந்து இருந்து இந்தி எனக்கு நல்லா வரும். ஆனா இந்தச் சங்கதிய இந்தியில கேட்டா பாதிதான் உள்ள போவும். நீங்க கூட இருங்க" என்றாள் அக்கா.

டாக்டரம்மா நிதானமாகத் தடவிப் பார்த்தார். உட்கார வைத்து, படுக்க வைத்து, இரண்டு பக்கமும். பிறகு, "எனக்கு எதுவும் தட்டுப்படவில்லையே" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. டாக்டரே இல்லை என்று சொன்ன பிறகு என்ன? ஆனால் அக்கா எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையைத் தலைக்குமேல் தூக்கினாள். டாக்டரம்மாவின் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தாள். "இங்க. கையத் தூக்குனாத்தான் வரும். கீழ எறக்குனா உள்ள போயிரும்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ஆமாம், இருக்கிறது" என்றார். உடனே இன்னொன்றும் சொன்னார். அதை எத்தனையோ டாக்டர்களைப் பார்த்த பிறகும் நான் மறக்கவில்லை. "நான் இதுவரை நூற்றுக்கணக்கான பேரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நீ ஒரே ஒரு உடம்பைத்தான் பார்த்திருக்கிறாய், ஆனால் தினமும் பார்த்திருக்கிறாய். கட்டி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிகிறது. அது எப்படிப்பட்டது என்பது கொஞ்சம் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும்."

இனி என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் பேசினோம். வெளியே நாலைந்து நோயாளிகள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. மார்பை எக்ஸ்ரே படம் எடுக்கிற முறை அப்போதுதான் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

"படம் எடுத்தா, நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரிஞ்சிருமா?" என்று அக்கா கேட்டாள்.

"சில பேருக்குத் தெரியும். வயதானவர்களுக்குப் படம் தெளிவாக விழும். கைக்கு அகப்படாததுகூடப் படத்தில் அகப்படலாம். உன் வயதில் உள்ளே சதை இறுக்கமாக இருக்கும், படம் முழுக்க வெள்ளையாக மூடிக்கொள்ளும்."

"அப்ப மாசா மாசம் படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தா?"

"அது கூடாது. அந்தக் கதிர் அடிக்கடி உடம்பில் படுவது நல்லதில்லை."

"சரி, என் கையாலயே பாத்துக்கிட்டு இருந்தா?"

"கை செலவில்லாதது, எப்போதும் கூடவே இருக்கிறது. ஆனால் கையால் கெட்டதையும் கெடுதல் இல்லாததையும் பிரித்துச் சொல்ல முடியாது. வீணாகப் பயமுறுத்தும், சில சமயம் வீணாகத் தைரியமும் கொடுக்கும். மாதாமாதம் கையால் பார்ப்பதால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கேட்டால், அது இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்."

தமிழில் சொல்லும்போது இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தயங்கினேன். சொல்லிவிட்டேன். அக்கா தலையை ஆட்டினாள். "நல்ல பொம்பள. மழுப்பல" என்றாள் என்னிடம்.

படம் எடுக்கப் போன நாளில் ஒரே கூத்து. அங்கே இருந்தவர் ஓர் ஆண். அக்கா ரவிக்கையைக் கழற்றவே மாட்டேன் என்றாள். நர்ஸ் ஒருத்தியைத் தேடிப் பிடித்து அழைத்துவர முக்கால் மணி நேரம். பிறகு மார்பைப் படத் தட்டின்மேல் வைத்து, அசையாமல் இருக்க அமுக்கிக் கட்டினார்கள். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "ஏ தாயி, நான் என்ன சப்பாத்தி மாவா?"

டாக்டரம்மா சொன்ன மாதிரியே, படத்தில் வெள்ளையாக மேகம் மூடின வானம்தான் தெரிந்தது. படத்தைப் பார்த்த அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், கெடுதலாகத் தெரியவில்லை, ஆனால் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். வெட்டியெடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

உண்மையான சங்கடம் அங்கேதான் வந்தது. அந்த நாளில் வழக்கம் என்னவென்றால், மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுப்பார்கள், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பரிசோதிப்பார்கள், கெட்டது என்றால் அதே மயக்கத்தில் மார்பையே எடுத்துவிடுவார்கள். அதற்குச் சேர்த்தே முன்னதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். காகிதத்தை நான் படித்துச் சொன்னேன். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கூட வந்திருந்த அவள் கணவர், தோல் பட்டறையில் வேலை செய்கிற மனிதர், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணத் தொறந்து, தொட்டுப் பாத்துத்தான் இருக்கா இல்லயான்னு நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள் அக்கா. "முடியாதுல்லா. முதல்ல கட்டிய மட்டும் எடுக்கட்டும். என்னன்னு எனக்குச் சொல்லட்டும். எடுக்கணும்னா நானே வந்து படுக்கேன்."

பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தடவை மயக்கம் கொடுக்க வேண்டிவரும், கெட்டதாக இருந்தால் நாள் தள்ளிப்போவது நல்லதில்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செம்பூர் டாக்டரம்மா அவருடன் ஆங்கிலத்தில் பேசினார், குரலை உயர்த்தாமல், விடாமல். கடைசியில் ஒரு வாரத்துக்குமேல் தள்ளக்கூடாது என்ற பேச்சில் அவர் இறங்கி வந்தார். கணவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அவ சொன்னதுதான் எனக்கும்." கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா தன் பெயரை முழுசாக, என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல அழுத்தி எழுதினாள்.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். முடிவு வர ஆறு நாள். இரண்டாம் நாளே அக்கா தையலோடு பட்டறைக்குப் போனாள். பாடம் நடத்தும்போதெல்லாம் அவள் மகளின் முகத்தைப் பார்க்காமலிருக்க நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

கெடுதல் இல்லாத கட்டி. காகிதத்தை நான் இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னேன். அக்கா கணவர் ஆஸ்பத்திரி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்களை மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். ஒரு வாரத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசின மனிதர் மூன்று மசால் தோசை சாப்பிட்டுவிட்டு, நாலாவது சொல்லலாமா என்று எங்களைக் கேட்டார்.

காபி வந்தபோது, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை அலைச்சல், இத்தனை பயம். கையால பாக்கச் சொல்லிக் குடுத்ததே தப்போன்னு தோணுது அக்கா."

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "பயந்தது நெசம். ஆறு நாளு சோறு எறங்கல. அது நட்டந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா தெரியாம இருந்து, கெட்டதா இருந்திருந்தா? ரெண்டையும் தூக்கிப் பாத்தா, எனக்கு இந்தப் பயமே பரவால்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா டாக்டர் போட்ட தையல் மோசம் டீச்சரம்மா. இப்பிடி நூல இழுத்துவிட்டா எங்க மேஸ்திரி திரும்பப் பிரிக்கச் சொல்லுவாரு" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. செம்பூரை அடுத்த கோவண்டியிலிருந்து டாக்டரம்மாவிடம் ஒருத்தி வந்தாள். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் கட்டியைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். டாக்டரம்மா அவளைத் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவள் அதிக நாள் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா வியாழக்கிழமை சாயங்காலங்களைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார். அக்கா வாரம் இரண்டு பேரைத் தாராவியிலிருந்து பஸ் ஏற்றிக் கொண்டுபோவாள், மொழிபெயர்க்க நானும் கூடப் போவேன். வர மாட்டேன் என்கிறவளிடம், "சும்மா வா, செம்பூர்ல காத்தாவது வாங்கிட்டு வரலாம்" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை, இன்றைக்கு யாருக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்று அக்காவைக் கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. இன்னைக்கு உங்க முறை. ஊருக்கெல்லாம் சொல்லுதிய, நீங்க ஒருநாளாவது பாத்தியளா?"

பார்த்ததில்லை. வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்தேன். டாக்டரம்மா அப்போதுதான் கை கழுவியிருந்தார், விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. கூச்சம் தாங்காமல் நான் சிரிக்க, அவரும் சிரிக்க, திரைக்கு வெளியே அக்கா, "என்னத்த அங்க சிரிப்பு?" என்று அதட்டினாள். ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வா என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து இருவரும் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டோம். சயான் பஸ் கூட்டமாக வந்தது. அக்கா முதலில் ஏறி, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.