கசின் என்றால் என்ன முறை?

போன ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் ரோட்டில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். போட்டோ எடுக்கிற பையன் மைக்கை வாங்கி, "கசின்ஸ் எல்லாரும் மேடைக்கு வாங்க!" என்று கத்தினான். இருபது பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். பெரியப்பா மகன், அத்தை மகள், சித்தி மகன், மாமா மகள், எல்லாரும் ஒரே வரிசையில், தோளில் கை போட்டுக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய எரிச்சலும் லேசாகத் தலைகாட்டியது. அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு அப்படி.

பக்கத்து நாற்காலிக்காரியின் லேவண்டர் பவுடர் வேறு சும்மா இருக்க விடவில்லை. அந்தக் காலத்தில் மெர்சி என்று ஒருத்தி வந்துவிட்டுப் போனால் எங்கள் வீட்டில் சாயங்காலம் வரைக்கும் அந்த வாசனைதான் நிற்கும்.

அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவிலம்பாக்கத்தில் பிறந்து, தமிழில் பத்தாவது வரை படித்த என்னை, தாம்பரத்தில் ஒரு காலேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவருக்குக் கட்டிவைத்தார்கள். சேலையூரில் இரண்டு அறை வாடகை வீடு. முதல் ஞாயிறே சர்ச்சிலிருந்து அவரோடு ஒரு பெண்ணும் வந்தாள். குடை, கைப்பை, வாரி முடித்த கொண்டை. கான்வெண்டில் டீச்சர், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். "மெர்சி. மை கசின்," என்றார் அவர். அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, சமையல் வாசனை வாசல் வரைக்கும் வருது," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை மூன்று ஞாயிறு தாங்கியது. அவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசுவார்கள். நான் அடுக்களைக் கதவோரம் நின்று, தெரிந்த சொற்களைப் பொறுக்குவேன். யெஸ், நோ, ரியலி. அதற்கு மேல் ஒன்றும் அகப்படாது. அவர் சிரிப்பார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. என்னிடம் உப்பு, உறைப்பு, பால்காரர் பாக்கி இவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தரம் தலைவாரினார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"கசின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"சொந்தம்."

"என்ன சொந்தம்?"

"அதான், கசின்."

பக்கத்து வீட்டு ருக்மணி அக்காவிடம் போனேன். "இன்னாமோ இங்கிலீசுல சொல்லிகினு கீறாரு. தங்கச்சியா இருக்கும், வுடு," என்றாள். மனசு கேட்கவில்லை. அவர் ஆபீஸ் போனதும் அலமாரியிலிருந்த அகராதியை எடுத்து, எழுத்துக் கூட்டித் தேடினேன். 'ஒன்றுவிட்ட சகோதரன் அல்லது சகோதரி' என்று போட்டிருந்தது. அப்பாடா! சகோதரி. அந்த வாரம் மெர்சிக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன், நடுத்துண்டு அவளுக்கு.

என் மடத்தனத்தைப் பாருங்கள். தங்கச்சி என்றால் அவள் என்னை அண்ணி என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அவரையோ அண்ணா என்றும் சொல்ல மாட்டாள், வேறெதுவும் சொல்ல மாட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு 'யூ' வைத்திருந்தாள். முறை சொல்லிக் கூப்பிடாமலே ஒரு மனுஷனோடு மணிக்கணக்காகப் பேச முடியும் என்பது எங்கள் கோவிலம்பாக்கத்தில் யாருக்கும் தெரியாத வித்தை.

பங்குனியில் என் மாமியார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, வெகு சாதாரணமாக, "மெர்சி எங்க அண்ணன் மவல்லா. இவனுக்குன்னே இருந்த புள்ள. என்னமோ, கர்த்தர் சித்தம்," என்றார்.

மாமன் மகள். எனக்கு அதற்குப் பிறகு கீரையும் தெரியவில்லை, காம்பும் தெரியவில்லை.

மாமியார் ஊருக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போன அன்றே அவரிடம் கேட்டேன். "மெர்சி உங்களுக்கு என்ன முறை? தமிழ்ல சொல்லுங்க."

பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மாமா பொண்ணு."

"உங்களுக்குக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"அப்புறம்?"

"அவ வேணாம்னுட்டா. மேல படிக்கணும்னா."

'நான்தான் வேணாம்னேன்' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை நம்பி நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். அவருக்குப் பொய் வராது. எனக்கு வரும்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. காபி ஆறிப்போய்த்தான் கூடத்துக்குப் போகும். மெர்சிக்குப் புரிந்திருக்க வேண்டும். வருவது குறைந்தது. பிறகு நின்றது.

ஒரு வேலைநாள் மத்தியானம் வாசலில் குரல் கேட்டது. அன்று அவர் லீவு. பின்பக்கம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் மெர்சி, வெயிலில் முகம் சிவந்து நிற்கிறாள்.

"அத்தான் இருக்காங்களா, அக்கா?"

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். அது போதுமாக இருந்தது.

"இல்லையே. தாம்பரம் வரைக்கும் போயிருக்காங்க," என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, பின்னால் ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழுந்தது. அவள் என் தோளுக்கு மேலாக ஒரு கணம் பார்த்தாள். நான் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வடக்க ஒரு மிஷன் ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் கிளம்பறேன். வந்தேன்னு மட்டும் சொல்லிடுங்க, அக்கா," என்று சொல்லிச் சிரித்தாள். குடையை விரித்துக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் நடந்தாள். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கேட்கவில்லை.

அவர் ஈரக்கையோடு உள்ளே வந்து, "யாரு?" என்றார்.

"யாரோ வழி கேட்டாங்க," என்றேன்.

ஒரு மாதம் கழித்து அவள் வடக்கே போன சேதி மாமியாரின் கடிதத்தில் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம், இல்ல?" என்றார். "ஆமா," என்றேன். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், "நம்மள மறந்துட்டா," என்பார். நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

மெர்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சில வருடம் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது, இரண்டு பேர் பெயரும் போட்டு. அன்று நடந்ததைப் பற்றி அதில் ஒரு எழுத்து இருக்காது. பிறகு அதுவும் நின்றது. அங்கேயே காலமாகி, அங்கேயே அடக்கம் செய்ததாகக் கேள்விப்பட்டோம். அவர் போய்ப் பத்து வருடமாகிறது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி. ருக்மணி அக்காவும் இல்லை.

"அன்னிக்கு மெர்சி வந்தா. நான்தான் நீங்க இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்." இதைச் சொல்ல எனக்கு நாற்பது வருடம் இருந்தது. கேட்கிறதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.