அரைகுறைச் சுயாட்சி

பலெர்மோவில் நான் பார்த்த வேலைகளில் எது நல்ல வேலை என்று கேட்டால், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டதைத்தான் சொல்வேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நல்ல வேலை என்றால் சுகமான வேலை இல்லை. கிழவர் பொல்லாத மனிதர். பாஸ்தா வெந்த பதத்தில் குற்றம், சவரம் எடுத்ததில் குற்றம், நான் கதவு சாத்துகிற விதத்திலும் குற்றம். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. ஆனபடியால் ஒத்துவந்தது.

மனைவி செத்தபிறகு அந்த வீட்டில் அவர் தனி. ஒரே மகன், மிலானோவில் கணக்காளர். என்னை வேலைக்கு வைத்தது மகன்தான். என் பெர்மெஸோ, அதாவது இத்தாலியில் இருக்கிற அனுமதி, அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் அதுவும் போகும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பிறகு நான் வாய் திறந்தபோது எதைப் பணயம் வைத்துத் திறந்தேன் என்று தெரியவேண்டும்.

கிழவர் துறைமுகத்தில் சாமான் இறக்கியவர். இரண்டாவது பெரிய யுத்தம் முடிந்த கையோடு, சிசிலித் தீவு இத்தாலியை விட்டுப் போகவேண்டும் என்று கேட்டவர்களோடு திரிந்திருக்கிறார். சிலர் தனிநாடு கேட்டார்கள். இவரும் இவருடைய கூட்டாளிகளும் கேட்டது வேறு: சிசிலி அமெரிக்காவின் ஒரு மாநிலமாக வேண்டும். அடிமைப் பிரதேசம் இல்லை, எல்லா உரிமையும் உள்ள முழு மாநிலம். முதலில் கேட்டபோது கிழவருக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் உண்மையாகவே மாப்பசை காய்ச்சிச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். பொலிஸ் அடித்து இடது மணிக்கட்டு முறிந்தது. அது கோணலாகப் பொருந்தியபடியே நின்றுவிட்டது. தினமும் சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டவன் நான், எனக்குத் தெரியும்.

கடைசியில் ரோம் சுயாட்சி என்று ஒன்றைக் கொடுத்தது. சிசிலிக்குப் பலெர்மோவில் தனியாக ஒரு பாராளுமன்றம். ஆனால் பெரிய முடிவுகள் எல்லாம் ரோமில்தான்.

"வீட்டைத் தந்தாங்கள், கதவுத் திறப்பைத் தரேல்லை" என்பார் கிழவர். ஐம்பது வருஷமாக அதே கோபம்.

வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு லீவு. சீசா என்ற பகுதியில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் சேர்ந்து இருந்த வீட்டுக்குப் போவேன். கிழவரின் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள் ஒருவன் இருந்தான். தமிழருக்கு நாடு கிடைத்தபிறகு என்னென்ன இலாகா வைப்பது என்றுகூடத் திட்டம் வைத்திருந்தவன். அரிசிப் பானையை மட்டும் ஒருநாளும் கழுவமாட்டான்.

"டேய் தீவான், உனக்கேத்த கிழவன்தான்" என்றான். "கடலுக்குள்ள கிடக்கிறதுக்கெல்லாம் ஒரு நாடே?"

"அப்ப நீ கேக்கிற நாட்டுக்குள்ள என்ரை தீவு எங்கை வரும்?"

"அதெல்லாம் வரும். நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கள் தீவில் ஒருவருக்கு நோய் முற்றினால் வள்ளத்தில் ஏற்றி அக்கரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இறங்குதுறை திருத்த ஊர்ச் சனம் கேட்டால், யாழ்ப்பாணக் கந்தோர் கொழும்பைக் கைகாட்டும், கொழும்பு யாழ்ப்பாணத்தைக் கைகாட்டும். இறங்குதுறை உடைந்தபடியே கிடந்தது. சனம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தது.

கிழவரின் வீட்டிலும் அதே ஆட்சிதான் நடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் மகன் மிலானோவிலிருந்து ரெலிபோன் எடுப்பார். அப்பாவோடு இரண்டு வார்த்தை. மிச்சமெல்லாம் எனக்குக் கட்டளை. உப்பைக் குறை. வைன் கொடுக்காதே. பல்கனியில் இருத்தாதே, காற்றுப் பிடிக்கும். சந்தைக்குக் கூட்டிப்போகாதே. மணி அடித்ததும் கிழவர், "ரோம் கூப்பிடுது, எடு" என்பார். நான் ஓம் ஓம் என்று கேட்டு வைப்பேன்.

"ரோம் இண்டைக்கு என்ன சட்டம் போட்டது?"

"வைன் இல்லையாம், சிஞ்ஞோரே."

"பலெர்மோ பாராளுமன்றம் அதை நிராகரிக்குது. ஊத்து."

ஊற்றுவேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிழவருக்கும் இது நல்ல வசதி. கால் வீங்கினால் மகன் கவனிக்கவில்லை என்பார். உடம்பு நன்றாக இருந்தால் தன் கெட்டித்தனம் என்பார்.

உயிர்த்த ஞாயிறுக்கு மகன் வந்தார். ஆட்டுக்கறி சமைத்தேன். சாப்பிட்டு முடிந்து கசாட்டா கேக்கை வெட்டும்போது சொன்னார்: "அப்பா, கோடைக்கு முன்னம் இந்த வீட்டைப் பூட்டப்போறன். மிலானோவில அறை ஆயத்தமா இருக்கு. லிஃப்ற் இருக்கு, பக்கத்தில ஆஸ்பத்திரி இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "உனக்கும் எங்கையாவது ஒரு வேலை கிடைக்கும்" என்றார். எங்கையாவது!

கிழவர் தன்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிசிலியைப்பற்றித்தான் கத்தினார்.

"அண்டைக்கே முழு மாநிலமா ஆக்கியிருந்தா நீ மிலானோவுக்குப் பிழைக்கப் போயிருப்பியா? ரோம் கெடுத்தது. நீயும் ரோம்தான்!"

"அப்பா, தந்த சுயாட்சியை வைச்சு என்னத்தைக் கிழிச்சனீங்கள்? குழாயில தண்ணி ஒண்டைவிட்ட ஒருநாள் வருது. வடக்கு இத்தாலிச் சனம் உங்களைக் கழட்டிவிட்டாப் போதும் எண்டு நிக்குது."

"கழட்டச் சொல்லு! முதல் கேட்டது நாங்கள்!"

"சட்டைப் பொத்தான் பூட்ட ஒரு ஆள் வேணும். உங்களுக்கு ஒரு நாடு!"

கிழவர் இடது கையை மெதுவாக மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். மகன் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பிறகு கிழவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லடா. உங்கட ஆக்களும் நாடு கேக்கிறியள்தானே."

"அவனை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?" என்றார் மகன்.

கையில் கோப்பைகள் இருந்தன. குசினிக்குள் போயிருக்கலாம். புத்தியுள்ளவன் போயிருப்பான். நான் கோப்பைகளை மேசையில் வைத்தேன்.

"சிசிலி நாடாக வேணுமோ, அமெரிக்காவோட சேரவேணுமோ, அது உங்கட பாடு" என்றேன். "ஆனா அரைகுறை ஆட்சிதான் ஆகக் கேவலமான ஆட்சி. முழுசா வைச்சிருக்கிறவன் பிழைவிட்டா அவனைப் பிடிச்சுக் கேக்கலாம். பாதி பாதியெண்டா ஆரைக் கேக்கிறது? ரோம் சிசிலியைச் சொல்லும், சிசிலி ரோமைச் சொல்லும், தண்ணி வராது. இந்த வீட்டிலயும் அதுதான். நீங்கள் ரெலிபோனில சட்டம் போடுறியள். இவர் நீங்கள் அதை வைச்ச கையோட வைன் குடிக்கிறார். நாளைக்குக் கால் வீங்கினா ஆரின்ரை பிழை? அவர் ஓம் எண்டா அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லையெண்டா முழுசா விடுங்கோ."

"வைனா?" என்றார் மகன். "ஆர் ஊத்தினது?"

"நான்தான்."

"துரோகி" என்றார் கிழவர்.

என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மகன் கசாட்டா வெட்டின கத்தியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "சரி. முழுசா விடுறன். உப்பு, வைன், வைத்தியர் எல்லாம் உங்கட பாடு. இனி நான் ரெலிபோன் எடுக்கமாட்டன். ஏதும் நடந்தா ரோம் எண்டு சொல்லப்படாது."

"சொல்லமாட்டன்" என்றார் கிழவர். "இவன்ரை சம்பளம் என்ரை பென்ஷனில. இவன் இனி என்ரை ஆள்."

இப்படித்தான் என் பெர்மெஸோ தப்பியது. அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லவேண்டாம். நான் சொன்னது சரி, அதனால் தப்பியது.

மகன் போன அன்று பின்னேரம் ரெலிபோன் அடிக்கவில்லை. தடுக்க ஆளில்லாத வைன் போத்தல் மேசைமேல் இருந்தது. கிழவர் அரைக் கிளாஸ் குடித்துவிட்டு, புளித்துப்போய்விட்டது என்றார். அது புளிக்கவில்லை, நானும் குடித்துப் பார்த்தேன். அடுத்தடுத்த நாட்களில், "உப்பைக் குறை, கால் வீங்கும்" என்று அவரே சொல்லத் தொடங்கினார். வழக்கமாக மகன் கதைக்கிற நேரத்தில் கதிரையை ரெலிபோன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"டேய், லைன் செத்துப்போச்சோ பார்."

தூக்கிப் பார்த்தேன். "உயிரோடதான் இருக்கு."

கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் அதைக் காட்டவில்லை.

"சிஞ்ஞோரே, முழு நாடு கேட்டனீங்கள். முழு நாட்டுக்கு இன்னொருத்தன் ரெலிபோன் எடுத்துச் சட்டம் சொல்லமாட்டான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"நாடுகள் ஒண்டோடை ஒண்டு கதைக்கும். நீங்கள் எடுங்கோ."

அதுவரை நான் இருந்த காலத்தில் அவர் ஒருநாளும் மிலானோவுக்குத் தானாக எடுத்ததில்லை. ரெலிபோன் வந்தால் கதைப்பார், அவ்வளவுதான். நம்பரை நான் வாசிக்க, கோணல் கையால் றிசீவரை இடுக்கிக்கொண்டு மற்றக் கையால் நம்பரை அழுத்தினார். மகனின் குரல் எனக்கும் கேட்டது. பயந்துபோய், "என்ன நடந்தது? விழுந்திட்டியளோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார் கிழவர். "சியாகுல்லித் தோட்டங்களில கடைசித் தோடம்பழம் பிடுங்குறாங்கள். உனக்கு ஒரு பெட்டி அனுப்புவம் எண்டு எடுத்தனான்." றிசீவரை மற்றக் கைக்கு மாற்றினார். "நீ எப்பிடி இருக்கிறாய்?"

மகன் நிறைய நேரம் கதைத்தார். கிழவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். வைத்தபிறகு கதிரையைப் பழைய இடத்துக்கு இழுக்கச் சொன்னார்.

"அங்கை ஒரே மழையாம்" என்றார், வெளிநாட்டுச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி. பிறகு கிளாஸை என் பக்கம் தள்ளினார். "ஊத்து. பாதிதான்."