எட்டில் செவ்வாய்

வெள்ளவத்தையில் மழைக்கு ஒதுங்க இடம் தேடி, ஒரு புடவைக்கடையின் மேல்மாடிக்கு ஏறுகிறேன். அங்கே விண்வெளி நூலகம் ஒன்று இருக்கிறது. ராக்கெட் புத்தகங்கள், கோள்களின் வரைபடங்கள், இரவல் தருவதற்கென்று ஒரு தொலைநோக்கி. நூலகரான இளம்பெண் என் ஈரக் குடையை வாங்கி வாளிக்குள் வைக்கிறார்.

பின்னாலேயே ஓர் அம்மா மகளோடு வருகிறார். கையில் மஞ்சள் பூசிய சாதகக் குறிப்பு. நேரே நூலகரிடம் போகிறார்.

"இஞ்ச கிரகம் பாக்கிறதெண்டு கீழ கடையில சொன்னவை. பிள்ளைக்கு எட்டில செவ்வாய், தங்கச்சி. ரெண்டு சம்பந்தம் குழம்பிப் போச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. மகள் தரையைப் பார்க்கிறாள்.

நூலகர் சிரிக்கவில்லை. "ஓம் அம்மா, பாப்பம். இருங்கோ," என்று செவ்வாயின் வரைபடத்தை மேசை நிறைய விரிக்கிறார். மலைகள், பள்ளங்கள், ஆய்வு வண்டி ஓடிய தடம்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார். மகளும் மெல்லக் கிட்ட வருகிறாள். இரண்டு விரல்கள் அந்தத் தடத்தின் வழியே ஊர்கின்றன.

"வெறும் கல்லும் மண்ணும்தானே, தங்கச்சி!"

"ஓம் அம்மா."

மகள் அங்கத்துவப் படிவம் கேட்கிறாள். அம்மாவோ வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

"இதை ஒரு கிழமைக்குத் தருவீங்களோ? ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். அவையும் ஒருக்காப் பாக்கட்டும்."