ஏழாம் நம்பர் மெஷினில் முதலிடம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் தயவுசெய்து நிமிர்ந்து பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னசேலத்தில் மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டுப் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிரே பத்தடி உயரத்துக்கு முருகவேல் நிற்கிறான். கூலிங் கிளாஸ், கையைக் கட்டிக்கொண்டு ஒரு போஸ், பின்னால் சிவப்பாக ஒரு பொம்மைக் கார். கேம் சென்டர் திறக்கிறானாம். திறக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கீழே மஞ்சள் எழுத்தில் போட்டிருந்ததைப் படித்ததும்தான் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. 'கள்ளக்குறிச்சியின் முதல் கார் ரேஸ் கேம் சாம்பியன்'.

சாம்பியனாம்! கார் இடது பக்கம் திரும்பினால் தானும் இடது பக்கம் சாய்ந்து ஸ்டூலோடு கீழே விழுந்தவன் இவன். என் கண்ணால் பார்த்தேன். ஃபிளக்ஸின் ஓரத்தில் வாழ்த்துவோர் என்று எட்டு மச்சான்களின் படம், கூடவே ஒரு கைக்குழந்தையின் படம். குழந்தையை மன்னித்துவிடலாம், அதற்கு நடந்தது தெரியாது. மச்சான்களை மன்னிக்க முடியாது.

அங்கேயே நின்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடையின் கண்ணாடிக் கதவை யாரோ திறந்தார்கள். குளிர்ந்த காற்றும் ரூம் ஸ்பிரே வாசனையுமாக முகத்தில் வந்து அடித்தது. எனக்கு அந்த வாசனை என்றால் துருகம் சாலைதான். அங்கே ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. படியில் ஏறும்போது யூரியா மூக்கை அறுக்கும். மேலே கதவைத் திறந்தால் ஏசி. இரண்டுக்கும் நடுவில் செருப்புக் குவியல். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று சார் சொல்லிவைத்திருந்ததால் கோயிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு போவோம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கோடை வரைக்கும் மானிட்டரில் இருக்கும். எங்கள் ஏழாம் நம்பர் மெஷினில் யாரோ பக்தி முற்றிப்போய்க் கண்ணாடியின் மேலேயே பொட்டு வைத்திருந்தார்கள். அதைத் துடைக்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறை அது. காலையில் பையன்கள் பேட்ச், மதியத்துக்கு மேல் பெண்கள் பேட்ச். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். வருகைப் பதிவு எடுக்கும்போது சார் மெஷினுக்கு ஒரு பெயரைத்தான் கூப்பிடுவார். ஏழாம் நம்பருக்கு என் பெயர், ஏனென்றால் நான்தான் முதலில் சேர்ந்தேன். "வந்துட்டோம் சார்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நானே குரல் கொடுப்பேன். அந்த இன்னொருத்தி பொன்னுருவி. கல்வராயன் மலையில் கரியாலூர். தினமும் வடக்கனந்தல் வழியாகப் பஸ்ஸில் இறங்கி வந்து, தினமும் ஏறிப் போவாள்.

அவள் வரும்போதே பலாச்சுளை வாசனை கூட வரும். பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து எனக்கு நாலு சுளை தருவாள். ஏசி அறைக்குள் பலாப்பழ வாசனை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சார் ஒவ்வொரு மேஜையாக மோப்பம் பிடித்துக்கொண்டு வருவார், நாங்கள் வாயை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருப்போம். பிசின் ஒட்டிய விரலோடு கீபோர்டைத் தொட்டதில் எங்கள் மெஷினின் ஸ்பேஸ் பார் அமுக்கினால் எழுந்திருக்காது. அதனால் கேமில் நாங்கள் எறியாமலே தர்பூசணி பறந்துகொண்டிருக்கும்.

கேமைப் பற்றிச் சொல்லவில்லையே. சாரின் அக்கா மகன் முருகவேல். அவன்தான் எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டுவந்து எல்லா மெஷினிலும் அதைப் போட்டுவைத்தான். சிடியின் மேல் மார்க்கரில் 'கேம்ஸ்' என்று எழுதியிருந்தது, அதனால் அதன் உண்மையான பெயர் எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. பொம்மைக் கார் ரேஸ் என்போம். தலை பெரிதாக, கார் சிறிதாக இருக்கும். தொப்பை வைத்த கரடி, பல் துருத்திய முயல், கிரீடம் போட்ட தவளை எல்லாம் ஓட்டும். ஒருவர் மேல் ஒருவர் தர்பூசணியை எறிந்துகொண்டு போக வேண்டும். சார் டீ குடிக்கக் கீழே இறங்கினால் பன்னிரண்டு மெஷினிலும் எம்.எஸ். ஆபீஸ் மூடிக்கொள்ளும், கரடி கிளம்பிவிடும்.

பொன்னுருவி முதன்முதலில் கரடியைப் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருடி இதுக்கு லைசென்சு குட்த்தது? எங்க வெள்ளாமக் கொல்லிக்கு வந்தா நாங்க மரத்து மேல ஏறிக்கினு கத்துவோம்." அதற்கப்புறம் வேறு யாரையும் அவள் தேர்ந்தெடுக்கவே இல்லை. அம்புக்குறிப் பொத்தான்கள் அவளுக்கு, தர்பூசணி எறியும் ஸ்பேஸ் பார் எனக்கு. பேருக்குத்தான் எனக்கு. அதுதான் தானாகவே எறிந்துகொண்டிருந்ததே.

முதல் நாள் கடைசியாக வந்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவள் ஹாரன் அடித்தாள். அந்த கேமில் ஹாரனுக்கு ஒரு பொத்தான் உண்டு என்பதே அதுவரை சென்டரில் யாருக்கும் தெரியாது.

"இன்னாத்துக்குடி அடிக்கிற? எதுர வண்டியே வராது."

"அது எப்டி உனக்குத் தெரியும்? வளவுல அடிச்சிட்டுத்தான் திரும்பணும்."

ஹாரன் அடிப்பதோடு விட்டாளா? மேடு ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டுமாம், ஓரம் கட்டி நின்றுவிட்டாள். தவளை, முயல் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மூன்றாவதாக ஒரு பனிமலை டிராக் இருந்தது. ஒன்பது கொண்டை ஊசி வளைவு, ஓரத்தில் சுவர் கிடையாது. நாங்கள் எல்லோரும் இரண்டாவது வளைவிலேயே பள்ளத்தில் விழுவோம். அதை அவளிடம் கொடுத்தபோதுதான் நான் வாயைப் பிளந்தேன். தினமும் நாலு மணி நேரம் டிரைவர் பக்கத்தில், என்ஜின் பெட்டியை ஒட்டின சீட்டில் உட்கார்ந்து மலை ஏறி இறங்குகிறவள் அவள். "வண்டிய மொதல்ல வெளிய வுடணும்டி, அப்றம் உள்ள ஒடிக்கணும். எங்க டிரைவரண்ணன் அப்டித்தான் ஒடிப்பாரு." சொல்லிக்கொண்டே ஒடித்தாள். ஒன்பது வளைவிலும் கரடி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது. இதை எழுதும்போதுகூட என் வலது தோள் தானாகச் சாய்கிறது, என்ன செய்ய.

ஒரு மாதத்தில் அவள் வேகம் யாருக்கும் எட்டவில்லை. ஒரு நாள் சாயங்காலம், சென்டரில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், நாங்கள் இருவர்தான் எங்கள் வரிசையில் இருந்தோம். பனிமலை டிராக்கில் இரண்டு நிமிடம் பதினொரு நொடியில் கோட்டைத் தாண்டினாள். முருகவேலின் நேரம் இரண்டு நிமிடம் முப்பது. அதுவே அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த நேரம். நான் எழுந்து குதித்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கரியாலூர் பஸ் ஐந்தே காலுக்கு, அதை விட்டால் வேறு கிடையாது. "ஐயோ, பஸ்ஸு" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். செருப்புக் குவியலில் அவள் தன் ஜோடியைத் தேடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் வாணவேடிக்கை வெடித்தது. முதலிடம் என்றது. உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வளவு கோபத்தில் இருக்கும்போது சொல்வது எனக்கு வசதியாக இல்லை. நான் என் பெயரை அடித்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கரண்ட் போகவில்லை. பத்து எழுத்துக்கு இடம் இருந்தது, கட்டம் மின்னிக்கொண்டே இருந்தது, நிதானமாகத்தான் அடித்தேன்.

மறுநாள் பொன்னுருவி அந்தப் பட்டியலைப் பார்த்தாள். அதுவரை அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

"இது இன்னாடி?"

"யாரு வேகமா ஓட்டுனாங்களோ அவங்க பேரு."

ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். "உன் பேரு."

"மெஷின் என் பேர்ல தான இருக்குது, அதான்" என்றேன். என்ன அருமையான பதில், பாருங்கள்.

"ஓ. பேரு போடலாமா அதுல" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பனிமலையை விட்டுவிட்டுக் கடற்கரை டிராக்கையே எடுத்தாள். அதில் வளைவே கிடையாது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் என் பெயர் மேலே இருந்தது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், பட்டியலில் முருகவேல், முருகவேல், முருகவேல். வைரஸ் வந்துவிட்டதாம், கேமை அழித்துவிட்டு மறுபடியும் போட்டானாம். அந்தக் காலத்தில் எல்லாத் திருட்டுக்கும் வைரஸ்தான் சாக்கு. நான் சாரிடம் போய் அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் பேரு, என் பேரு என்று நின்றேன். சார் நம்பவில்லை. அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இருந்துச்சுங்க சார். அவ பேருதான் மொதல்ல இருந்துச்சு. நான் பாத்தேன்." பொன்னுருவி எனக்காகச் சாட்சி சொன்னாள். சார் சிரித்துவிட்டு எக்செல் பாடத்தைப் பார்க்கச் சொன்னார். ஜூன் பிறந்ததும் அவள் வரவில்லை. சேலத்தில் ஏதோ படிப்பில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டதோடு சரி.

இப்போது என் மகள் போனில் இதே மாதிரி ஒரு ரேஸ் ஆடுகிறாள். காரைப் பாதி நேரம் போனே ஓட்டிக்கொள்கிறது. வளைவில் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. முதலிடம் வந்தால் பெயரைக் கேட்பதுகூட இல்லை, அதுவாகவே 'பிளேயர்' என்று ஒரு நீளமான எண்ணைப் போட்டுக்கொள்கிறது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் போனைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

நான்காம் நாள் பொறுக்க முடியாமல் அவன் கேம் சென்டருக்கே போனேன். துருகம் சாலை வழியாகத்தான் போக வேண்டும். உரக்கடை இல்லை, மாடிப்படியும் இல்லை, அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். முருகவேல் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அட, ஏழாம் நம்பரு! வா வா. இன்னா இவ்ளோ நாளா கண்ணுலயே படல?"

"இன்னா முருகவேலு, சாம்பியன்னு போட்டுக்கினு இருக்க? யாரு சாம்பியனு?"

அவன் சண்டைக்கு வரவில்லை. சிரித்தான், எனக்கு இன்னும் எரிந்தது. "விளம்பரத்துக்கு எதாவது போடணும் இல்ல? எனக்குத் தெரியாதா? உன் பேருதான் மேல இருந்துச்சு. பொண்ணு ஜெயிச்சிட்டாளேன்னு பொறுக்காம நான்தான் அழிச்சேன். தப்புதான்." பிறகு மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். "உள்ள செவுத்துல ஒரு போர்டு வெக்கிறேன், பழைய ஆளுங்க பேரெல்லாம் போட்டு. மொத பேரு உன்னுது போட்டுடுறேன். போட்டோ இருந்தா குடு."

இத்தனை வருடம் நான் கேட்க நினைத்தது இதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எந்தப் போட்டோவைக் கொடுக்கலாம் என்று ஒரு நொடி யோசிக்கவும் செய்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"என்னுது இல்ல. பொன்னுருவி ஓட்டுனது."

"யாரு?"

"பொன்னுருவி. கரியாலூர்லேந்து வருமே. என் பக்கத்துலயே உக்காருமே."

அவன் நடிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான். "இல்லியே. அஞ்சரை மணிக்கு நான் வருவேன், நீ தனியா தான உக்காந்துகினு இருப்ப." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொல்ற இல்ல, போட்டுடலாம்" என்று நோட்டைத் திறந்து பெயரை எழுதினான். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

"இனிஷியல் இன்னா?"

 இரண்டு மாதம் தோளோடு தோள் உரச ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கையால் பலாச்சுளை வாங்கித் தின்றேன். அவள் அப்பா பெயர் என்னவென்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.