புயலுக்குள் நத்தைக்குத் தீனி

ஆண்டிமடத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கும் கொளஞ்சியின் மகள் சிந்து, ஆராய்ச்சிக்கென்று எடுத்துக்கொண்டது கடல் நத்தையை. ஓடில்லாத, கட்டைவிரல் நீளக் கறுப்பு நத்தை. சேற்றில் வாழும் கடற்புழுதான் அதற்கு உணவு. இரையை அது எப்படித் தேடிப் பிடிக்கிறது என்பதே அவள் கேள்வி. ஆனால் அது தின்பதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தொட்டியில் போட்ட புழு, திரும்ப வந்து பார்க்கும்போது இருக்காது.

புயல் எச்சரிக்கை வந்ததும் கடலோர ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். விட்டுவிட்டு வர மனமில்லாமல், ஐந்து நத்தைகளையும் ஒரு பிடி புழுவையும் கடல்நீர் வாளியில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

“என்ன சிந்து கருமம் இது, வூட்டுக்குள்ள? கடிக்குமா?” அண்ணி வேணி எட்ட நின்றே கேட்டாள்.

“பல்லே கெடையாதுங்க அண்ணி. புழுவ அப்படியே உறிஞ்சி முழுங்கிடும்.”

“அய்ய!”

அன்றே கரண்ட் போயிற்று. நீருக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் நின்றது. நத்தைகள் மூச்சுக்குத் தவித்து வாளியின் விளிம்புக்கு ஏறின.  நீரில் காற்று கலக்கட்டும் என்று சிந்து டம்ளரால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். அவள் கை ஓய்ந்தபோது, வேணி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

மழை விடவில்லை. புழுக்கள் ஒவ்வொன்றாகச் செத்து நாறின. செத்ததை நத்தைகள் சீண்டவில்லை. அண்ணன் ராஜேஷ் கொல்லையில் தோண்டி ஒரு மண்புழுவைக் கொண்டுவந்தான்.

“இதுவும் புழுதானே? போட்டுப் பாரு.”

உப்புநீர் அதற்கு ஆகாது என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் தனிக் கிண்ணத்தில் போட்டாள். மண்புழு துடித்துச் சுருண்டது. பக்கத்தில் விட்ட நத்தை ஒதுங்கிப் போய்விட்டது.

விடிந்து பார்த்தால் இரண்டு நத்தைகள் செத்துக் கிடந்தன. மிச்சமிருப்பவை பசியில் ஒன்றையொன்று தின்றுவிடுமோ என்று அடுத்த பயம். வேணி ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கழுவித் தந்தாள். மூன்றையும் பிரித்து விட்டார்கள். உயிரோடு எஞ்சியது ஒரே புழு.

“யாருக்குன்னு குடுக்கறதுங்க அண்ணி?”

“எது ரொம்ப வாடிக் கெடக்கோ, அதுக்கு.”

சின்ன நத்தையின் டப்பாவில் புழுவை விட்டாள். புழு வழவழவென்று சளித் தடத்தை விட்டபடி நெளிந்துபோய், கடல்நீரோடு வந்து மூலையில் கிடந்த சிப்பிக்கடியில் பதுங்கியது. நத்தை எதிர்ப்பக்கம் நகர்ந்தது. சிந்துவுக்கு அழுகை முட்டியது. தற்செயலாக நத்தையின் மூஞ்சி அந்தத் தடத்தில் பட்டது. நின்றது. திரும்பியது. புழு வளைந்த இடத்தில் எல்லாம் தானும் வளைந்து, சிப்பிவரை போயிற்று. வாய் குழலாக நீண்டது. ஒரே இழுப்பு, புழு உள்ளே.

போனில் சார்ஜ் இல்லை. படமெடுக்க முடியவில்லை.

“நீங்களும் பாத்தீங்கல்ல அண்ணி?”

“பாத்தேன். அது போன தடத்துலயே போச்சு,” என்றாள் வேணி. சிந்துவின் தோளைப் பற்றியிருந்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

மழை வெறித்ததும் ராஜேஷ் அவளையும் நத்தைகளையும் பைக்கிலேயே ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். வழியில் இன்னொன்று செத்தது. ஒருமுறை பார்த்ததை மட்டும் வைத்து எழுத முடியாது, மறுபடி பார்த்தாக வேண்டும் என்றார் வழிகாட்டும் பேராசிரியர். கரையிலோ வெள்ளநீர் புகுந்து புழுக்களே அருகிப்போயிருந்தன. முழங்கால் சேற்றில் இறங்கிச் சிந்து புழு தோண்டிக்கொண்டிருந்தபோது வேணி போன் செய்தாள்.

“அந்தச் சின்னது மறுபடி தின்னுச்சா?”

“இன்னும் இல்லைங்க அண்ணி,” என்றாள் சிந்து. மறுகையால் சேற்றைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.