பெரிய மணியின் சுருதி

அப்பா ராஜையன் விழிஞ்ஞம் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் இசைக்குழுவை நடத்துவார். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதை வாசிக்கவைத்தார். சொந்தமாக எழுதியது ஒன்றுதான்.

1984 மே மாதத் திருநாள் பூசைக்கு அதை எழுதினார். கோயிலின் பெரிய மணி ஒருமுறை ஒலிக்கும். அது அடங்குமுன் வாத்தியங்கள் அதே ஒலியை ஏற்று வளர்க்க வேண்டும். ஒரு மணியோசைக்குள் பல சுரங்கள் உண்டு. அவற்றைக் காதால் பிரிக்க முடியவில்லை என்றார். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் இயந்திர அதிர்வுகளைக் கம்ப்யூட்டரில் பகுத்துப் பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மணியையும் பகுத்துத் தருவதாகச் சொன்னேன்.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் காலையில் மணியை டேப்பில் பதிந்தேன். ஜனவரியில், மதிய இடைவேளைகளில், யாரிடமும் கேட்காமல் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். ஏழு அதிர்வெண்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நீடிக்கிறது என்பதும். அப்பா தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வாத்தியங்களுக்குப் பங்கிட்டார். அடியில் நின்றது செல்லோவுக்கு. சீக்கிரம் மறைபவை வயலின்களுக்கு. நடுவில் உறுத்திய ஒன்று கிளாரினெட்டுக்கு.

ஒருநாள் நிமிர்ந்து பார்த்தார். "மக்ளே, மணி இதவிடக் கொஞ்சம் தாழ நிக்குதுன்னு தோணுது."

"உங்க காதுக்கு அம்பத்தாறு வயசாச்சுப்பா."

சிரித்துவிட்டு என் எண்களின்படியே எழுதினார்.

ஒத்திகையில் மணியடிக்க வழியில்லை. திருநாள் அல்லாத நாளில் பெரிய மணி ஒலித்தால் கடலில் மீன்பிடி வள்ளம் கவிழ்ந்தது என்று பொருள். கரை முழுக்க ஓடிவரும்.

பூசையில் மணி ஒலித்தது. வாத்தியங்கள் அதற்கு அரை சுரம் மேலே எழுந்தன. பதினாறு பேரும் எழுதியபடியே பிசகாமல் வாசித்தார்கள். யாரோ சிரித்தார்கள். அப்பா கையை இறக்காமல் கடைசிவரை நடத்தினார்.

அன்று மாலை நாடாவை மறுபடி கேட்டேன். மணிக்கு முன்னால் அப்பாவின் குரல் பதிந்திருந்தது. அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. பதியும்போது பேட்டரி சோர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சரியான வேகத்தில் ஓட்டியதும் எல்லாச் சுரமும் ஏறிவிட்டது. கணக்கைச் சரிபார்த்தேன், நாடாவைப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். என் மேலதிகாரியும் அதே கோயிலுக்கு வருபவர்; கம்ப்யூட்டரைக் கேட்காமல் பயன்படுத்தியது அவருக்குத் தெரியாது.

"யார்ட்டயும் சொல்லாண்டாம்," என்றார் அப்பா. "எனக்கு இனி என்ன? நீ இப்பத்தான் வேலைக்குக் கேறியிருக்க."

சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. காது மந்தமாகிவிட்டதென்று கோயில் கமிட்டியில் அப்பாவே சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வயலின் சுருதி விலகும்போதெல்லாம் அவர் தோள் லேசாக அசையும். பதினொரு மாதம் அப்படி. பிறகு மாரடைப்பு.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் குழுவினர் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அரை சுரம் இறக்கி எழுதிய தாள்களை நீட்டினேன். கிளாரினெட் வாசிக்கும் வேலப்பன் மாமா மட்டும் வாங்கினார்.

"அவரு இருக்கும்போ ஒரு வாக்கு சொல்லியிருக்கலாமே, மக்ளே," என்றார். "அவருக்க முன்னால வச்சே நான் காதத் தொட்டுக் காட்டிச் சிரிச்சிருக்கேன்."

தாளைப் பார்த்தபடியே இருந்தார். வாசிப்பதாக யாரும் சொல்லவில்லை.