கலியாணத்துக்கு வந்த அரிசி

போன சனிக்கிழமை சலூனில், அரை முகம் சவர்க்கார நுரையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"நல்லா இருந்த நாடு. ஏன் இப்பிடிப் போச்சுது?"

கேட்டவர் தன் முறைக்காகக் காத்திருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். சலூனில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் போதாதா? கத்தரிக்கோல் நின்றது. ரேடியோவின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். எண்ணெய் விலை என்றார் ஒருவர். மொழிச் சட்டம் என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரனைப் போகவிட்டதே பிழை என்றார் மூலையில் இருந்தவர். சலூன்காரர் என் தொண்டையில் கத்தியை வைத்தபடி, "எல்லாம் சனத்தின்ர சோம்பல்தான்" என்றார். அந்த நேரத்தில் அவரை மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

"ஐயா பேப்பரிலை எழுதுறனீங்கள். நீங்கள் சொல்லுங்கோவன்" என்றார் தபாலதிபர்.

நான் என்னத்தைச் சொல்ல? எனக்குப் பொருளாதாரம் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் தங்கையின் கலியாணத்துக்கு வந்த அரிசியின் கதை ஒன்றுதான். சலூனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மற்றக் கன்னமும் முடிந்துவிட்டது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், நாங்கள் எவ்வளவு நன்றாக இருந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கீப்பர். சுதந்திரம் கிடைத்த பிறகும் வெள்ளைக்காரர்கள் சில வருடங்கள் தளத்தை விட்டுப் போகவில்லை. கப்பல் வந்தால் நகரம் முழுவதற்கும் சம்பள நாள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, எங்கள் வீட்டில் டின் பட்டரும் ஆப்பிளும் இருக்கும். அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிழமைதோறும் அரிசி கொடுத்தது... கிட்டத்தட்டச் சும்மா. கொரியாவில் சண்டை வந்தபோது எங்கள் நாட்டு றப்பருக்கு நல்ல விலை. யாரோ எங்கோ சண்டை பிடிக்க, நாங்கள் இங்கே பாணுக்குப் பட்டர் பூசினோம். அந்த அரிசி எந்த நாட்டிலிருந்து வருகிறது, அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேர்தல் வந்தால் ஒரு கட்சி அரிசி விலையைக் குறைப்போம் என்றது. மற்றது இன்னும் குறைப்போம் என்றது. நாங்கள் இரண்டு கூட்டத்துக்கும் போய்க் கைதட்டினோம்.

பிறகு தளம் எங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. வெள்ளைக்காரர்கள் கொடியை மடித்துக்கொண்டு போனார்கள்.

உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகம் எங்களுடையது — வெளியூரிலிருந்து யார் வந்தாலும் திருகோணமலைக்காரர் இதைச் சொல்லாமல் விடமாட்டோம். வந்தவர் பெட்டியை இறக்கிவைக்கும் முன்பே சொல்லிவிடுவோம். பொய்யில்லை, துறைமுகம் இருந்த இடத்தில்தான் இருந்தது. கப்பல்கள்தான் கொழும்புக்குப் போயின. சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய பென்னாம்பெரிய எண்ணெய்த் தாங்கிகள் பெரும்பாலும் வெறுமையாக, பற்றைக்குள் நின்றன. நகரத்தில் நாங்கள் மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு கியூவில் நின்றோம். இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று அந்தக் கியூவில் நின்ற எவருக்குமே படவில்லையா? பட்டது. ஆனால் கியூவை விட்டுப் போய் யோசித்தால் இடம் போய்விடுமே!

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மொழிச் சட்டமும் அந்த நாட்களில்தான் வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு விலை கொடுத்தவள் என் தங்கை ரஞ்சி. அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். சிங்களச் சோதனை எழுதினால்தான் பதவி உயர்வு என்றார்கள். எழுத மாட்டேன் என்று அவர் வேலையை விட்டார். நாட்டை விட்டார். ஆபிரிக்காவில் படிப்பிக்கப் போனவர், கொஞ்ச நாளில் ரஞ்சிக்குக் கடிதம் போடுவதையும் விட்டார். அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வருடங்களைப் போக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் நெஞ்சு வலித்தது.

எழுபதுகளின் நடுப்பகுதியில், இனி இல்லை என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில், மட்டக்களப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய பெரியப்பா இருந்தார்.

பெரியப்பா பெண் பார்க்க வந்தபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழும்பும்போது ஒன்று சொன்னார்.

"நாங்க மட்டக்களப்பார். கலியாணத்துக்குச் சோறு வேணும். மரவள்ளிக்கிழங்கும் பாணும் தந்தால் எங்கட சனம் இருக்காது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்த பஸ்ஸிலயே போயிருவம்."

இது எந்தக் காலம் என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இறக்குமதிக்கெல்லாம் தடை. பாணுக்கு விடியற்காலையிலேயே கியூ. துணிக்கும் கூப்பன். கிழமையில் சில நாட்கள் சாப்பாட்டுக் கடையில் சோறே போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் கையில் ஓரிரு கொத்துக்கு மேல் அரிசி கொண்டு போகக் கூடாது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. ஒரு கொத்து அரிசி ஒரு வீட்டுக்கு ஒரு நேரம் காணும். ஒரு கலியாணத்துக்கு?

"இந்த முறையும் குழம்பினால் இனி அவளுக்கு ஒண்டும் சரிவராது" என்று அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்.

காப்பாற்ற வந்தவர் பக்கத்து ஊரான கிண்ணியாவின் நூர்தீன் காக்கா. முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். தளத்தில் அப்பாவோடு வேலை செய்தவர். தளம் போனதும் ஊருக்குப் போய் வயல் செய்தார்.

"அரிசிக்கா யோசிக்கிறீங்க அண்ணே? ஆளுக்கு இவ்வளவுதான் கொண்டு போகலாம் எண்டுதானே சட்டம். எத்தன ஆள் போகலாம் எண்டு சட்டத்தில இல்லயே!"

கலியாணத்துக்கு முதல் நாள் கிண்ணியாவிலிருந்து ஒரு ஊர்வலமே வந்தது. நூர்தீன் காக்காவின் மச்சான்மார், மருமக்கள், பக்கத்து வளவுக்காரர், பக்கத்து வளவுக்காரரின் மச்சான்மார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பை. ஒவ்வொரு பையிலும் சட்டம் அனுமதித்த அளவு அரிசி. சாவடியில் நின்ற கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தாராம். எல்லாம் சரி. சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தை எந்தச் சட்டத்தில் பதிவது?

நாட்டில் அப்போது எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் மூளைக்கு வரவில்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன். அரசாங்கத்தில் படித்தவர்கள் இரவு பகலாக இருந்து ஒரு தடையைக் கண்டுபிடிப்பார்கள். சனங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அதற்கு ஒரு வழியைக் கண்டுபிடிப்பார்கள். அடுத்த கிழமை அந்த வழிக்கு ஒரு தடை வரும். இரண்டு பக்கத்திலும் நல்ல மூளை. நெல் மட்டும் கூடுதலாக விளையவில்லை.

இனித்தான் கோளாறு.

வந்தவர்களுக்குப் பைகள் உடனே திரும்ப வேண்டும். துணியே கூப்பனுக்குக் கிடைக்கும் காலத்தில் யார் பையை விட்டுவிட்டுப் போவார்கள்? அப்பா விறாந்தையில் பெரிய பாயை விரித்து, "கொட்டுங்கோ, எல்லாத்தையும் இதிலை கொட்டுங்கோ" என்றார். கொட்டினார்கள். குவியல் வளர வளர அப்பாவின் முகம் மலர்ந்தது. ஸ்டோரில் மூட்டை மூட்டையாகப் பார்த்த மனிதர், வருடக் கணக்காகக் கூப்பன் அரிசியைச் சுண்டு என்ற சிறு அளவையால் அளந்து வாழ்ந்திருக்கிறார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் குவியலைப் பார்த்தபடி நின்றார். வெள்ளைக்காரத் துரை வந்து கணக்குப் பார்க்கப்போவது போன்ற நிற்பு. யாருக்கும் அவரை இடையில் நிறுத்த மனம் வரவில்லை.

விடிந்ததும் சமையல்காரர் வந்தார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். இன்னொரு பிடி அள்ளினார்.

"ஐயா, இது என்ன அரிசி?"

"நல்ல அரிசி" என்றார் அப்பா.

"எந்த அரிசி எண்டு கேக்கிறன். இதிலை சம்பா கிடக்கு, சிவப்பு நாட்டரிசி கிடக்கு, பச்சையரிசி கிடக்கு, போன வருசத்து அரிசியும் கிடக்கு. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டால் ஒண்டு கரையேக்கை மற்றது கல்லாக் கிடக்கும். என்னாலை ஏலாது. கலியாண வீட்டிலை என்ர பேர் கெட்டுப்போம்."

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்திருக்கிறார். அவர்களில் பிழை என்ன? பத்து மணிக்குத் தேவாலயத்தில் தாலி. அதற்குள் அத்தனை அரிசியையும் இனம் பார்த்துப் பிரிக்க எந்த மனிதரால் முடியும்? அப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த ரஞ்சி பாதிப் பின்னலோடு வந்தாள். குவியலைப் பார்த்தாள்.

"சோறு இல்லையெண்டால் கலியாணம் இல்லையோ? அப்ப சரி. திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போறன். லீவை மிச்சம் பிடிக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. சைக்கிளை எடுத்தேன். பெரியப்பாவின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று புறப்பட்டேன்.

மாப்பிள்ளை வீட்டாரை எங்கள் நகரத்து ஓர்ஸ் ஹில்லில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் இறக்கியிருந்தோம். முன்பக்கம் பெண்கள் உடுத்திக்கொண்டிருப்பார்கள் என்று சுற்றிக்கொண்டு பின்பக்கத்தால் போனேன். குசினிக் கதவு திறந்திருந்தது.

உள்ளே அடுப்பில் ஒரு பெரிய பானை. அதில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அசல் சம்பா. மணம் முற்றத்துக்கே வந்தது. சுவர் ஓரமாகத் துணிப்பைகள், வரிசையாக. நடுவில் ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு, சோறும் மீன்குழம்புமாகப் பெரியப்பா!

என்னைக் கண்டதும் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"வாங்க மகன்... சும்மா... காலமைச் சாப்பாடு..."

நான் சுவர் ஓரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸில் ஆளுக்கு ஒரு பை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சோறு இல்லாமற் போனால் தாங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற முன்யோசனை.

"மாமா, உங்களிட்டை இவ்வளவு அரிசி இருக்கேக்கை, சோறு இல்லையெண்டால் போயிடுவம் எண்டு ஏன் எங்களைப் பயப்படுத்தினனீங்கள்?"

பெரியப்பா கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். ஒளிக்காமல் சொன்னார்.

"எங்களிட்ட இருக்கெண்டு தெரிஞ்சால் நீங்க கேட்டிருப்பீங்க மகன். அதுதான் நாங்க முந்திக் கேட்டம்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதரின் ஒரு வார்த்தையால் ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பாதிப் பின்னலோடு நின்ற ரஞ்சியின் சிரிப்பு கண்ணுக்குள் நின்றது. எங்கள் வீட்டுப் பாயில் கிடந்ததை எல்லாம் சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன்.

அவர் கையைக் கழுவினார்.

"பிள்ளை அழுதவளோ?"

"இல்லை. சிரிச்சவள்."

"அது கூடாது" என்றார். உடனே எழும்பி, பைகளை அந்த வீட்டுக்காரரின் காரில் ஏற்றச் சொன்னார். ஓர்ஸ் ஹில்லிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் சாவடி ஒன்றும் இல்லை. என்றாலும் பைகளுக்கு மேல் தன் சால்வையை விரித்து மூடித்தான் கொண்டுவந்தார். அப்படிப் பழகிவிட்டார்கள்.

அன்றைக்கு யோசித்தேன். கிண்ணியாவிலும் அரிசி இருந்தது, மட்டக்களப்பிலும் இருந்தது. எங்கள் தெருவில் எந்தெந்தக் கட்டிலுக்குக் கீழே இருந்ததோ, யாருக்குத் தெரியும்! அரிசி இருந்தவர்கள் எல்லோரும் இல்லை என்று சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து, இருந்த மற்றவர்களும் ஒளித்தார்கள். அரசாங்கம் சனத்தை நம்பவில்லை. சனம் அரசாங்கத்தை நம்பவில்லை. சம்பந்திகூடச் சம்பந்தியை நம்பவில்லை. எண்ணெய் விலை ஏறாவிட்டாலும் அப்படி ஒரு நாடு எத்தனை காலத்துக்குத் தாங்கும்?

ரஞ்சியின் கலியாணம் குறித்த நேரத்தில் நடந்தது. இன்றைக்கும் அவள் மட்டக்களப்பில் நன்றாக இருக்கிறாள். கிண்ணியா அரிசியை இடித்து மாவாக்கி, நாங்கள் நெடுநாள் பிட்டு அவித்துச் சாப்பிட்டோம்.

பந்தியில் முதல் ஆளாகப் பெரியப்பாதான் உட்கார்ந்தார். ஒரு பிடி சோறு எடுத்து வாயில் போட்டார். பிறகு பந்தல் முழுவதும் கேட்கும்படி, "பொம்பிளை வீட்டுச் சோறு எண்டால் இப்பிடி இருக்க வேணும்!" என்றார். தங்கள் பைகளின் கதை வெளியே வரக் கூடாது அல்லவா?

அப்பா பக்கத்தில் நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். "ஓம், ஓம்... நானே பார்த்து எடுத்த சம்பா" என்றார்.

இருந்த அரிசியை ஒளித்துவைத்தவர் ஒருவர், இல்லாத அரிசியைத் தன்னுடையது என்றவர் ஒருவர் — அந்த இரண்டு பேரை மட்டும் வைத்தே ஒரு மந்திரிசபை அமைத்திருக்கலாம்!